அரக்கு பூசின பந்தும், இருட்டுல தூங்கின பந்தும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. வந்ததும் வராததுமா பேஸ்பால் பத்தி எழுதறானேன்னு ஓடிடாதீங்க. பேஸ்பால்ல எத்தனை பேர் ஆடுவாங்கன்னு தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். விஷயம் ஆட்டத்தைப் பத்தி இல்லை. பந்து மேல போட்ட கையெழுத்தைப் பத்தி.

முதல்ல ஒரு கேள்வி. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆட்டக்காரர் உங்க முன்னாடி நின்னு, உங்க பேட்லயோ பந்துலயோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். வீட்டுக்கு வந்து என்ன பண்ணுவீங்க? பத்துல ஒன்பது பேர் ஹால் ஷோகேஸ்ல, வர்றவங்க போறவங்க கண்ணுல படற மாதிரி, நல்ல வெளிச்சத்துல வைப்போம். இன்னும் கொஞ்சம் பாசக்காரரா இருந்தா அழியாம இருக்கட்டும்னு மேல ஏதாவது பூசுவோம், இல்லைன்னா லேமினேஷன் கடைக்கு ஓடுவோம்.

அமெரிக்காக்காரங்க நூறு வருஷமா இதையேதான் பண்ணிட்டு இருந்தாங்க. அதோட பலன் என்னன்னு பார்த்தா, பழைய கையெழுத்துகளை அலட்சியம் அழிச்ச மாதிரியே பாசமும் அழிச்சிருக்கு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பந்துல எதுக்குக் கையெழுத்து?

கிரிக்கெட் பந்து சிவப்பு, மேல பளபளன்னு பாலிஷ் வேற. அதுல பேனா சரியா ஓடாது. அதனாலதான் நம்ம பக்கம் பேட்டை நீட்டறோம். பேஸ்பால் அப்படி இல்லை. வெள்ளைத் தோல், எழுதறதுக்கு வாகான பரப்பு. 108 இரட்டைத் தையல் போட்டு ரெண்டு தோல் துண்டைச் சேர்த்திருப்பாங்க. ரெண்டு தையல் வரிசையும் ரொம்ப நெருங்கி வர்ற இடத்துல ஒரு குறுகலான வெள்ளைப் பட்டை இருக்கும். 'ஸ்வீட் ஸ்பாட்'னு பேரு. மொத்த டீமும் கையெழுத்துப் போடற பந்துன்னா அந்த இடத்தை மேனேஜருக்கு விட்டுடறது மரபு. ஒரே ஒரு ஆள் போட்டா அவரோட இடம் அதுதான். இன்னைக்கும் ஏலத்துல பந்தோட விலையை நிர்ணயிக்கிறதுல அந்தப் பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பழக்கத்தைப் பைத்தியமாவே ஆக்கினவர் பேப் ரூத். 1920கள்ல அமெரிக்காவுல அவரைத் தெரியாத ஆளே கிடையாதுங்கற அளவுக்குப் புகழ். யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார், முக்கியமா குழந்தைகளுக்கு. 1926ல் நியூஜெர்சியில ஜானி சில்வெஸ்டர்னு 11 வயசுப் பையன் குதிரையில இருந்து விழுந்து படுத்த படுக்கையாக் கிடந்தான். வீட்டுல இருந்து வேண்டுகோள் போக, யாங்கீஸ், கார்டினல்ஸ் ரெண்டு டீமும் கையெழுத்துப் போட்ட பந்துகளை விமானத் தபால்ல அனுப்பினாங்க. உனக்காக ஒரு ஹோம் ரன் அடிக்கறேன்னு ரூத் பந்துலயே எழுதி அனுப்பினார். அக்டோபர் 6-ந் தேதி உலகத் தொடர் நாலாவது ஆட்டத்துல அவர் அடிச்சது ஒண்ணு இல்லை, மூணு! அப்புறம் பையனை நேர்ல போயும் பார்த்தார். பந்துதான் பையனைப் பிழைக்க வெச்சதுன்னு பத்திரிகைகள் கொளுத்திப் போட்டுச்சு. மருத்துவ ரீதியா அது கதைதான், ஆனா ஜானி 1990 வரைக்கும் இருந்தார்ங்கறது நிஜம்.

இப்படி ஒரு கதை நாடு முழுக்கப் பரவினா எந்தப் பையனுக்குத்தான் ஒரு பந்து வேணும்னு தோணாது?

மையின் குணம்

அந்தக் காலத்துல கையெழுத்துன்னா இங்க் பேனா. இங்க்ல ரெண்டு ஜாதி இருந்துச்சு. ஒண்ணு, டானினும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய பாணி நீலக்கருப்பு. நம்மூர்ல கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தா கருப்பாகுமே, அதே வேதியியல்தான். எழுதும்போது வெளிறி இருக்கும், காத்து பட்டதும் கருத்து, நாருக்குள்ள பிடிச்சுக்கும். இன்னொண்ணு, வெறும் சாயத்தைத் தண்ணியில கரைச்ச இங்க். பார்க்க அழகு, ஆனா தண்ணி பட்டாலோ வெயில் பட்டாலோ கிளம்பிடும்.

அப்புறம் பால்பாயின்ட் வந்துச்சு. ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பிரோ 1938ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவுல 1945 அக்டோபர் 29 அன்னைக்கு நியூயார்க் கிம்பல்ஸ் கடையில பால்பாயின்ட் பேனா முதல் தடவையா விற்பனைக்கு வந்தப்போ ஒரு பேனா 12.50 டாலர், கூட்டம் அலைமோதினது வரலாறு. இதுல இருக்கற இங்க் எண்ணெய்ப் பசை மாதிரி கெட்டி. தோல்ல ஊறிப் பரவாது. இன்னைக்கும் பேஸ்பாலுக்கு நீல பால்பாயின்ட்தான் நல்லதுன்னு சேகரிக்கறவங்க அடிச்சுச் சொல்றாங்க.

1964ல் ஷார்ப்பி வந்துச்சு. பேரே 'பெர்மனன்ட் மார்க்கர்'. போட்டோவுல, பேட்ல, ஹெல்மெட்ல எல்லாம் சூப்பரா எழுதும். ஆனா பேஸ்பால் தோல்ல எழுதினா வருஷம் ஆக ஆக எழுத்து ஓரமெல்லாம் கசிஞ்சு, சுத்தி ஒரு மஞ்சள் வளையம் வந்துடும். இந்த 'பெர்மனன்ட்'ங்கற வார்த்தையே பாதிப் பேரைக் கவுத்துருக்கு. தண்ணியில கழுவினா போகாதுங்கறதுதான் அதுக்கு அர்த்தம். வெயில்ல வெச்சாலும் போகாதுன்னு பாட்டில்ல எங்கயும் எழுதலை :-)

நம்ம ஊர் அரக்கு அங்க என்ன பண்ணுச்சு?

ஆன்சைட்ல இருந்தப்போ ஒரு ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் கடையில வெல்லப்பாகு நிறத்துல ஒரு பந்து. தூக்கிப் பார்த்தா தோல் மாதிரியே இல்லை, கண்ணாடி மாதிரி வழவழ. உள்ளுக்குள்ள பத்துப் பதினஞ்சு கையெழுத்து மங்கலாத் தெரியுது, தேன்ல விழுந்த எறும்பு மாதிரி. என்ன இதுன்னு கேட்டேன். "எங்கப்பா ஷெல்லாக் அடிச்சு வெச்சார். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்"னார்.

ரூமுக்கு வந்து நோண்டினா, அவர் சொன்னது உண்மை. இங்க் அழிஞ்சிடக் கூடாதுன்னு அந்தக் காலத்து ரசிகர்கள் பந்து மேல ஷெல்லாக் வார்னிஷ் அடிச்சிருக்காங்க. மரத் தரைக்கும் நாற்காலிக்கும் அடிக்க ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு டப்பா இருக்கும். அதே பிரஷ், அதே டப்பா.

ஷெல்லாக்னா வேற ஒண்ணும் இல்லைங்க, நம்ம அரக்குதான். துரியோதனன் மாளிகை கட்டினான்ல, தபால் ஆபீஸ்ல உருக்கி சீல் வைப்பாங்கல்ல, அதே சரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரங்கள்ல ஒட்டிக்கிட்டு வாழற குட்டிப் பூச்சி சுரக்கற பிசின். உலகத்துக்கே இதை அதிகமா அனுப்பினது இந்தியாதான். முக்கியமா இன்னைக்கு ஜார்கண்டா இருக்கற காட்டுப் பகுதி. 1920கள்லயே ராஞ்சிக்குப் பக்கத்துல நாம்கும்ல இதுக்குன்னு தனி ஆராய்ச்சி நிலையம் வெச்சாங்க. பழைய கிராமபோன் இசைத்தட்டுலயும் இதுதான். ஆக, ஏதோ ஒரு காட்டுல ஒரு ஆதிவாசி குடும்பம் கிளையில இருந்து சுரண்டி எடுத்த அரக்கு, கப்பல் ஏறிப் போய் ரூத் கையெழுத்து மேல படிஞ்சிருக்கு. நினைச்சுப் பார்த்தா ஒரு மாதிரி இருக்கு.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, அரக்கு வயசாக ஆக மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். சில சமயம் வெடிச்சு உரியும். வார்னிஷ்ல அதை ஆல்கஹால்ல கரைச்சிருப்பாங்க. சாய இங்க்ல பலது ஆல்கஹால்ல கரையும். பிரஷை வெச்சதுமே சில கையெழுத்துகள் இழுபட்டுப் போச்சு. சரி, இப்போ சுரண்டி எடுத்துடலாமான்னா, அதைக் கரைக்கவும் ஆல்கஹால்தான் வேணும். அரக்கோட சேர்ந்து கையெழுத்தும் வந்துடும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். கை படாம, உரசல் இல்லாம அந்த அரக்கு சில கையெழுத்துகளைக் காப்பாத்தியும் இருக்கு. அந்தப் பெரியவரோட பந்துல பேர்களைப் படிக்க முடிஞ்சதே. ஆனா வெள்ளைப் பந்துல நீலக் கையெழுத்துங்கற அந்த உருவம் போயே போச்சு. சேகரிப்பாளர்களும் ஷெல்லாக் அடிச்ச பந்துன்னா விலையை வெட்டிடறாங்க.

கூப்பர்ஸ்டவுன், 1939

இப்போ இன்னொரு பந்து.

1939 ஜூன் 12. நியூயார்க் மாநிலத்துல கூப்பர்ஸ்டவுன்ங்கற சின்ன ஊர்ல பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் திறப்பு விழா. அது வரைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவங்கள்ல உயிரோட இருந்தது 11 பேர். பேப் ரூத், டை காப், ஹோனஸ் வாக்னர், சை யங், வால்ட்டர் ஜான்சன், டிரிஸ் ஸ்பீக்கர், ஜார்ஜ் சிஸ்லர், நாப் லஜோய், எடி காலின்ஸ், குரோவர் அலெக்சாண்டர், கோனி மேக். பதினொரு பேரும் வந்தாங்க. காப் மட்டும் லேட்டா வந்ததால அந்தப் புகழ்பெற்ற குரூப் போட்டோவுல பத்துப் பேர்தான்.

விழாவுல ஒரு காட்சி ஆட்டம் வெச்சாங்க. அப்போ இருந்த 16 டீமும் ஆளுக்கு ரெண்டு பேரை அனுப்பினாங்க. சிகாகோ ஒயிட் சாக்ஸ் சார்பா போனவர்கள்ல ஒருத்தர் மார்வ் ஓவன். நட்சத்திரம் எல்லாம் இல்லை. அவர் பேர் வரலாற்றுல வர்றதே இன்னொருத்தர் தயவுலதான். 1934 உலகத் தொடரோட ஏழாவது ஆட்டத்துல, டெட்ராய்ட்டுக்காக ஆடிட்டிருந்த இவர் மேல கார்டினல்ஸ் வீரர் ஜோ மெட்விக் முரட்டுத்தனமா சறுக்கி வந்து மோத, டெட்ராய்ட் ரசிகர்கள் பழம், பாட்டில்னு கையில கிடைச்சதையெல்லாம் மெட்விக் மேல வீசினாங்க. கடைசியில கமிஷனர் லாண்டிஸே மெட்விக்கை வெளிய போகச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த 'இன்னொரு ஆள்'தான் ஓவன்.

அப்பேர்ப்பட்ட ஓவன் அன்னைக்கு ஒரு பந்தை வெச்சுக்கிட்டு 11 பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டார். அவரும் ஒரு ரசிகர்தானே!

அதுக்கப்புறம் அவர் பண்ணினதுதான் விஷயம். ஷோகேஸ் இல்லை, ஷெல்லாக் இல்லை. உள்ள ரோமம் வெச்ச தோல் கையுறை ஒண்ணுல பந்தைப் போட்டு, பேங்க் லாக்கர்ல வெச்சுட்டார். 1948ல் ரூத் போனார். ஒவ்வொருத்தரா போக, 1973ல் சிஸ்லரோட 11 பேர் கதையும் முடிஞ்சது. 1991ல் ஓவனும் போயிட்டார். பந்து மட்டும் இருட்டுல தூங்கிட்டே இருந்துச்சு. 2018 ஆகஸ்ட்ல அது ஏலத்துக்கு வந்தப்போ வெள்ளைத் தோல்ல பதினொரு கையெழுத்தும் தெளிவா இருந்துச்சு. போன விலை 6 லட்சத்து 23 ஆயிரம் டாலருக்கு மேல.

அவர் வேதியியல் படிச்சுட்டு இதைப் பண்ணினாரான்னு கேட்காதீங்க. ஆனா பண்ணினது கச்சிதம். இங்க்ல இருக்கற சாயத்தோட முதல் எதிரி வெளிச்சம். புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, சாதாரண வெளிச்சமும்தான். சாயத்தோட மூலக்கூறு உடைஞ்சா உடைஞ்சதுதான், திரும்ப ஒட்டாது. சேதம் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துட்டே போகும், நடுவுல ரெஸ்ட் கொடுத்தாலும் கணக்கு அழியாது.

பொட்டி தட்டறவன் புத்தி, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மியூசியங்கள்ல காகிதம், துணி மாதிரி நுணுக்கமான பொருளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதி. உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். அப்போ ஜன்னலோரம் நேர் வெயில்ல ஒரு மணி நேரம் வெச்சா, மியூசியத்துல 2000 மணி நேரம் வெச்ச மாதிரி. தினம் எட்டு மணி நேரம்னா 250 நாள். ஒரே ஒரு மணி நேரத்துல!

அரக்குக்கு இன்னொரு வேலை

கதையில ஒரு வில்லன் வேணும்ல. 1990கள்ல கையெழுத்து வியாபாரம் பெருசாச்சு, போலியும் கூடவே வளர்ந்துச்சு. சான் டியாகோவோட நட்சத்திரம் டோனி க்வின், தன் கையெழுத்துன்னு சொல்லித் தன் ஊர்லயே வித்த பொருட்களைப் பார்த்து, இது நான் போட்டதே இல்லைன்னார். எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்'னு பேர் வெச்சு இறங்கி, 1999 அக்டோபர்ல ஒரு பெரிய கும்பலைப் பிடிச்சாங்க. போலிச் சரக்கோட மதிப்பு 10 கோடி டாலர்னு கணக்கு. சந்தையில இருக்கறதுல பாதிக்கு மேல போலியா இருக்கலாம்னும் சொன்னாங்க. கொள்ளையில கிடைச்சதுல உச்சம் எது தெரியுமா? அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால். சத்தியமா!

ரூத் காலத்துப் பந்து மாதிரி காட்டறதுக்கு அந்தக் கும்பல் என்ன பண்ணுச்சுன்னு யூகிச்சிருப்பீங்க. ஷெல்லாக் அடிச்சாங்க. எந்த அரக்கை அப்பாக்கள் பாசத்துல பூசினாங்களோ, அதே அரக்கு பொய்யோட மேக்கப்பா ஆயிடுச்சு. பழுப்பா இருந்தா பழசுன்னு நம்பற கண்ணுக்கு அது போதுமே.

இதுக்கப்புறம் 2001ல் மேஜர் லீக் பேஸ்பால் ஒரு ஏற்பாடு கொண்டு வந்தாங்க. கையெழுத்துப் போடும்போதே ஒரு சாட்சி பக்கத்துல நிப்பார், பெரும்பாலும் போலீஸ் வேலையில இருக்கறவர் இல்லை இருந்தவர். போட்டு முடிச்சதும் பொருள்ல எண் போட்ட ஹாலோகிராம் ஒட்டிடுவாங்க. அதாவது இங்க்கைப் பாதுகாத்தா மட்டும் பத்தாது, அது எங்க இருந்து வந்துச்சுங்கற கதையையும் பாதுகாக்கணும்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. ஓவன் பந்துக்கு ஹாலோகிராம் கிடையாது. ஆனா அன்னைக்கு அவர் அந்த ஊர்ல ஆடினதுக்கு ஆதாரம் இருக்கு, பந்து அவர் கையில இருந்துதான் வந்துச்சுங்கற தொடர்ச்சி இருக்கு.

நாம என்ன பண்ணலாம்?

பேஸ்பால் இல்லைன்னாலும் கையெழுத்துப் போட்ட பேட், டி-சர்ட், டிக்கெட், ஆட்டோகிராஃப் நோட்டு நம்மள்ல நிறைய பேர்கிட்ட இருக்கும். அதுக்காக:

1. வெயில், ட்யூப்லைட், ஷோகேஸ் ஸ்பாட்லைட் மூணுலயும் இருந்து தள்ளி வைங்க. புற ஊதாவைத் தடுக்கற அக்ரிலிக் பெட்டி நல்லதுதான், ஆனா அது மத்த வெளிச்சத்தைத் தடுக்காது.

2. மேல எதையும் பூசாதீங்க. பேட்ல கையெழுத்து இருந்தா அந்தப் பக்கம் எண்ணெய் போடவே கூடாது.

3. டிக்கெட்டையும் போட்டோவையும் லேமினேட் பண்ணாதீங்க. நம்மாளுங்களோட ஷெல்லாக் லேமினேஷன்தான். சூடு, பசை ரெண்டும் சேர்ந்து உள்ள போகும், திரும்ப எடுக்க வழி கிடையாது. பழைய பி.வி.சி. ஆல்பம் உறையும் வேண்டாம், இங்க்கை இழுத்து ஒட்டிக்கும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் உறை பரவாயில்லை.

4. மங்கிப் போன கையெழுத்து மேல பேனாவால திரும்ப எழுதாதீங்க. எழுதின நிமிஷத்துல இருந்து அது உங்க கையெழுத்து.

5. கடலோர ஊர்க்காரங்களுக்கு ஈரம்தான் அடுத்த எதிரி. தோல்ல பூஞ்சை பிடிக்கும். பெட்டியில சிலிக்கா ஜெல் போட்டு, அப்பப்போ மாத்துங்க. எடுக்கும்போது சுத்தமான, காய்ஞ்ச கையால எடுங்க.

6. ஒரு காகிதத்துல தேதி, இடம், எந்த ஆட்டம், எந்தப் பேனா, யார் கூட இருந்தாங்கன்னு எழுதி, பொருளோட சேர்த்து வைங்க. போட்டோவும் இருந்தா இன்னும் நல்லது. இதுக்குக் காசே ஆகாது, ஆனா யாரும் பண்றது இல்லை.

சரி, பூட்டியே வெச்சா அது எதுக்குன்னு நீங்க கேட்கலாம். எனக்கும் இந்தக் கேள்விக்கு முழு சமாதானம் கிடையாது. ஓவன் தன் பந்தை எத்தனை தடவை ஆசையா எடுத்துப் பார்த்திருப்பார்? அந்தப் பெரியவரோட அப்பா தன் பழுப்புப் பந்தைத் தினமும் பார்த்து சந்தோஷப்பட்டிருப்பாரே, அது மட்டும் கணக்குல வராதா? வரும்தான். ஆனா இங்க்குக்குக் கொஞ்சம் வெளிச்சம்தான் விதிச்சிருக்கு. அதை மொத்தமா நாமளே செலவழிச்சுட்டா நமக்கு அப்புறம் வர்றவங்களுக்கு வெறும் பந்துதான் மிஞ்சும். நான் எடுத்திருக்கற முடிவு: ஹால்ல நல்ல போட்டோ, அசல் அலமாரி இருட்டுல, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஆசை தீர வெளிய எடுத்துப் பார்க்கறது. திருவிழாவுக்கு உற்சவர் புறப்பாடு மாதிரி.

உங்க வீட்டுல கையெழுத்துப் போட்ட எதாவது இருக்கா? எங்க வெச்சிருக்கீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. அதுக்கு முன்னாடி போய் அந்த ஆறாவது பாயிண்ட்டை முடிச்சுட்டு வந்துடுங்க. அப்பா வாங்கின கையெழுத்துன்னா இப்பவே போன் போட்டு எந்த மேட்ச், எந்த வருஷம்னு கேட்டுக்கோங்க. அவருக்குத்தான் அது ஞாபகம் இருக்கும்.